சைக்கிளுக்குச் சுழி பார்த்த மாமனார்

இன்னும் கொஞ்சம் கிட்ட வாங்க சாமிகளா. வேலை கிடக்கட்டும், ஒரு சைக்கிள் வாங்கின கதை சொல்கிறேன்.

குமாரபாளையத்தில் ஜெகதீஸ்வரன் என்று ஒருத்தன். தறி ஓட்டுவதை விட்டுவிட்டுப் பழைய சைக்கிள் வாங்கி விற்கக் கிளம்பினான். வாங்கினான், வாங்கினான், விற்கத்தான் இல்லை. அவன் பெண்டாட்டி யுவஸ்ரீ ஹேண்டில்பார்களுக்கு நடுவே ஒருக்களித்துத்தான் சமையல்கட்டுக்குள் போக வேண்டியிருந்தது. கடைசியில் அவள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்: இன்னும் ஒன்றே ஒன்று, அதையும் தன் அப்பா பார்த்துத்தான் வாங்க வேண்டும், அன்றைக்கே விற்காவிட்டால் மறுநாள் தறிக்குப் போய்விட வேண்டும்.

அவள் அப்பா கந்தப்பன் மாட்டுத் தரகர். சைக்கிள் ஏறியதே இல்லை.

ஊருக்கு வெளியே தோட்டத்தில் ஆத்தாயி என்ற பெரியம்மா ஒரு சைக்கிளை விற்கிறாள் என்று மாமனாரும் மருமகனும் போனார்கள். கந்தப்பன் சீட்டைத் தட்டிக்கொடுத்தார். பல்சக்கரத்தைத் துடைத்துப் பார்த்து, பல் தேயவில்லை, இளவயசுதான் என்றார். மட்கார்டில் வட்டமாக இருந்த துருவை மாட்டுக்குச் சுழி பார்ப்பதுபோல் வெகுநேரம் பார்த்துவிட்டு, குடும்பத்துக்கு ஆகாத சுழி இல்லை என்றார். அப்புறம் சரிவில் நிறுத்திக் கையை விட்டார். ஆளில்லாத சைக்கிள் நேராக ஓடிச் சோளத்தட்டுப் போரில் முட்டி நின்றது.

"நடை சுத்தமுங்க மாப்பிள்ள."

நேராகப் போனதால் ஃபிரேம் வளையவில்லை என்று மருமகனுக்கும் பட்டது. மாட்டுச் சந்தையில் பேசுவதுபோலவே துண்டுக்குள் விரல் பிடித்து விலை முடிந்தது.

உடனே ஆத்தாயி குறடு கொண்டுவந்து செயினைக் கழற்றினாள். மாட்டை விற்றால் கயிற்றைத் தரமாட்டார்கள் அல்லவா? சைக்கிளில் கயிறு மாதிரி இருந்தது அது ஒன்றுதான்.

"கயித்தையும் குடுத்தா ஊட்டு லட்சுமி பொறவாலேயே போயிருமுங்க தம்பி."

கந்தப்பன் முறை தப்பாது என்று தலையாட்டிவிட்டார். மாமனார் சொன்னபிறகு மருமகன் என்ன பேசுவான்?

தள்ளிக்கொண்டு வந்தவர்களை யுவஸ்ரீ வாசலிலேயே நிறுத்தினாள்.

"செயின் எங்கீங்க?"

"அந்தம்மா ஊட்டுக் கட்டுத்தறியில தொங்குது" என்றான் புருஷன்.

"நல்லாப் பாத்தீங்க போங்க. காலைல தறிக்குக் கெளம்புங்க."

அப்போது ராசு அந்த வழியாக வந்தான். தறிப் பட்டறைகளுக்கு நூல் மூட்டை கொண்டுபோகிறவன். மூட்டை ஆள் உயரம், அதனால் எப்போதும் சைக்கிளைத் தள்ளித்தான் போவான். செயின் மசி வெள்ளை நூலில் ஒட்டி, பட்டறைக்காரர்களிடம் அன்றாடம் வசவு. குனிந்து பார்த்தான், செயினே இல்லை.

"இதைத்தானுங்க தேடிட்டிருந்தேன்."

பேரம்கூடப் பேசாமல் வாங்கிப் போனான்.

யுவஸ்ரீ உள்ளே போய் ஒரு குறடை எடுத்துவந்து புருஷன் கையில் கொடுத்தாள்.

"மத்ததுக்கும் கழட்டுங்க."

உங்கள் வீட்டிலும் இப்படிச் சிரிப்புச் சத்தம் கேட்கட்டும் சாமிகளா. உலை கொதிக்கட்டும், பிள்ளைகள் நோய்நொடி இல்லாமல் வளரட்டும், வாசல் மிதித்தவர்கள் வயிறு நிறைந்து போகட்டும்.