ஆணியில் மாட்டிய மாலை

டமார், டமார் என்று கழிவறையின் தகரக் கதவு அதிர்ந்தது.

“அப்பா... சாமி! சீக்கிரம் வெளிய வாங்க!”

திகன ஊரில் கட்டிக்கொடுத்த மகள் யசோதாவின் குரல். அழகமுத்து வாயிலிருந்த சிகரெட்டை வாளித் தண்ணீருக்குள் அமுக்கினார்.

சிகரெட்டை விடுவதற்கென்றே இந்த வருடம் சபரிமலைக்கு மாலை போட்டிருந்தார். கதிர்காமத்து நேர்த்தி, டாக்டரின் மிரட்டல், மகள் கல்யாணத்தில் செய்த சத்தியம் எல்லாம் ஏற்கெனவே புகைந்து போயிருந்தன. மாலை போட்டதும் கெலிஓயா ஊரே அவரைச் சாமி என்றது. பக்கத்துக் கடை றிஸ்வி சிகரெட் தர மறுத்துவிட்டான்.

“சாமிக்கு இத வித்தா என் கடை வெளங்குமா? இந்தாங்க, இஞ்சி டொபி சூப்புங்க.”

அதனால் தன் கடைக்குச் சரக்கெடுக்கப் பிலிமத்தலாவைக்குப் போகும்போது அங்கேயே வாங்கிக்கொண்டார். பிடிக்கும் நேரத்துக்கு மட்டும் மாலையைக் கழற்றிச் சாமி அறை ஆணியில் மாட்டிவிடுவார். கழுத்தில் மாலை இல்லாதபோது பிடித்தால் விரதத்துக்குப் பங்கமில்லை என்பது அவர் கண்டுபிடித்த சட்டம். மலைக்குப் போய்த் திரும்பும்வரை மாலையைக் கழற்றவே கூடாது என்பதை மறந்தவர்போல் இருந்தார்.

மாலை இல்லாதது தெரியாதபடி ஸ்வெட்டரைக் கழுத்துவரை பூட்டிக்கொண்டு வெளியே வந்தார். யசோதாவின் தோளில் பேரப்பிள்ளை இழுத்து இழுத்து மூச்சு விட்டது.

“டாக்டர்கிட்டதான் போறோம். அதுக்கு முன்ன சாமி கையால துன்னூறு பூசி விடுங்க” என்றவள், குழந்தையோடு குனிந்து அவர் காலைத் தொட்டாள்.

கால் கூசியது. அவள் நீட்டிய பொட்டலத்தில் திருநீறு எடுத்த விரலைக் குழந்தையின் நெற்றிக்குக் கொண்டுபோனார். விரலில் இன்னும் சிகரெட் வாடை. குழந்தை முகத்தைத் திருப்பிக்கொண்டு இருமியது.

“பாத்தீங்களா, சாமி தொட்டதும் சளி கரையுது!” யசோதா நம்பிக்கையோடு ஆட்டோவுக்கு ஓடினாள்.

அழகமுத்து தலை நிமிராமல் சாமி அறைக்குள் போனார். ஆணியில் மாலை இல்லை. பக்கத்தில் தேடினார், தரையில் தேடினார்.

வாசலில் மனைவி பரிமளம் நின்றாள். அவரோடு சேர்ந்து மீனையும் விட்டு, பனிக்குளிரில் பச்சைத் தண்ணீரில் குளித்துச் சமைத்துப் போட்டவள். சேலைத் தலைப்பை விலக்கித் தன் கழுத்திலிருந்த மாலையைக் கழற்றி நீட்டினாள்.

“நீங்க கழட்டிட்டுப் போற நேரமெல்லாம் நான்தாங்க போட்டுக்கிட்டிருக்கேன், விரதம் அறுந்துடக் கூடாதுன்னு.”