காட்டிக் கொடுத்தவன் வீடு

எங்கள் வீட்டுக்குக் கதவு எண் இருக்கிறது. யாரும் அதைச் சொல்லமாட்டார்கள். காட்டிக் கொடுத்தவன் வீடு என்றால் தபால்காரரே நேராக வந்துவிடுவார்.

எல்லாம் கூத்தால் வந்த வினை. ஆடித் திருவிழாவுக்கு எங்கள் குப்பத்தில் உப்புராயன் கூத்து நடக்கும். உப்புராயன் இந்த ஏரியை ஆண்ட ராஜா. எதிரிப்படை துரத்த, ஏரிக்குள் ஒளிந்திருக்கிறான். கடலிலிருந்து ஏரிக்கு வரும் முகத்துவாரத்தை நாகன் என்ற படகுக்காரன் எதிரிக்குக் காட்டிக் கொடுக்கிறான். விடியும் நேரம் ராஜா விழுந்து, நாகன் வம்சத்தைச் சபித்துவிட்டுச் சாகிறான். அப்போது சனம் ஆளுக்கொரு பிடி மண் அள்ளி நாகன் வம்சத்தின் மேல் வீசும். அந்த வம்சம் நாங்கள்தான். என் வீட்டுக்காரர் வரதன் வருஷா வருஷம் களத்தின் ஓரத்தில் நின்று அதை வாங்கிக்கொள்வார்.

மண்ணையாவது தட்டிவிடலாம். ஏரியில் எந்த வீடு எந்த நாள் வலை போடலாம் என்று சீட்டுக் குலுக்கி முறை வைப்பார்கள். அதற்குப் பாடு என்று பேர். ஊருக்கெல்லாம் பாடு உண்டு, எங்களுக்குப் படாத பாடு மட்டும்தான். வரதன் அடுத்தவன் படகில் கூலிக்குப் போயே தோளைக் கெடுத்துக்கொண்டார்.

"இந்த வாட்டியும் பாடு இல்லன்னா நான் லாரி ஓட்டப் போயிடுவேன். அப்பால இந்தப் பக்கமே வரமாட்டேன்" என்று மகன் மோகன்குமார் சொல்லிவிட்டான். எனக்கு இருப்பது அவன் ஒருத்தன்.

நான் காட்டூரில் மீன் விற்கிறவள். அங்கே குளக்கரையில் கூடை கழுவும் இடத்தில் ஒரு எழுத்துக்கல் உண்டு. ஒருநாள் குணசுந்தரி என்ற காலேஜ் டீச்சர் அதில் மை பூசிப் படி எடுத்துக்கொண்டிருந்தார்.

"இன்னாம்மா எழுதிருக்குது?"

"உப்புராயன்னு ஒரு ராஜா. கிழவனாகி, பேரன் பேத்தி பார்த்து, இந்த ஊரிலேயே செத்திருக்கிறார். தன்னைத் தப்பிக்க வைத்த நாகனுக்கு ஏரியில் பாடு கொடுத்திருக்கிறார்."

எனக்குக் கூடை கைநழுவிக் குளத்தில் போனது. கட்டிலில் படுத்துச் செத்த மகராசனையா இத்தனை காலம் கொன்றுகொண்டிருந்தோம்! டீச்சர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். திருவிழாவன்று, சீட்டுக் குலுக்கும் முன் வந்து படிக்கவேண்டும் என்று கெஞ்சினேன். பாவம், வந்தார்.

கோயில் முன்னால் ஊரே உட்கார்ந்திருந்தது. டீச்சர் கல்லில் உள்ளதை உள்ளபடி, நிறுத்தி நிதானமாகப் படித்தார். "முகத்துவாரம் காட்டிக் கொடுத்த நாகனுக்கு…"

அவ்வளவுதான். ஊர்த் தலைவர் தேவேந்திரன் தொடையில் தட்டினார்.

"பாத்தியா! கல்லுலயே கீது! காட்டிக் குடுத்தவன்னு!"

"ஐயா, வழியை ராஜாவுக்குக் காட்டி, உதவினான்னு அர்த்தம்" என்று டீச்சர் பதறினார். "துரோகிக்கு யாராவது பாடு கொடுப்பார்களா?"

"தமிழு எங்களுக்கும் தெரியும்மா. காட்டிக் குடுக்கிறதுன்னா இன்னான்னு சின்னப் புள்ளையக் கேளு."

சனத்தின் சிரிப்பு அடங்குவதற்குள் சீட்டுக் குலுக்கி முடித்துவிட்டார்கள். மோகன் பேர் அதில் இல்லை. நானே வலிய ஆள் கூட்டிவந்து, கூத்துப் பாட்டில் மட்டும் இருந்த பழியைக் கல்லிலும் ஏற்றிவிட்டேன்.

கதையையாவது மாற்றச் சொல்லிக் கேட்கக் கூத்து வாத்தியார் சகாதேவனிடம் ஓடினேன். முகத்துக்கு அரிதாரம் பூசிக்கொண்டிருந்தார். அவர்தான் ராஜா.

"அந்த டீச்சரு சொல்றது மெய்யாத்தான் இருக்கும் கஸ்தூரி. ஆனா ராஜா கட்டில்ல படுத்துச் செத்தா, நான் எத்த வெச்சு சனத்தை அழ வெக்கிறது?" என்றார். எனக்குக் கோபமே வரவில்லை. நியாயமாகத்தான் சொன்னார்.

"நைனா உக்காரட்டும். நான் நிக்கிறேன்" என்று மோகன் களத்தின் ஓரத்துக்குப் போனான். ஊரைவிட்டுப் போகக் கட்டிவைத்த பையைத் தோளிலேயே மாட்டியிருந்தான். பெண்கள் பக்கம் உட்கார்ந்து பார்த்தேன். ராஜா முதுகில் ஈட்டி பாய்ந்தது. கிரீடம் உருண்டது. "காட்டிக் கொடுத்தானே, கல்லும் சொல்லுதே" என்று வாத்தியார் புதுசாக ஒரு அடி சேர்த்துப் பாடினார். என்ன குரல் அது! பெண்டாட்டியைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அவர் மண்ணில் சாய்ந்தபோது, அந்த ராஜா பேரன் பேத்தி பார்த்தவன் என்பது எனக்கு மறந்தே போயிற்று. மாரில் அடித்துக்கொண்டு அழுதேன்.

சனம் எழுந்தது. நானும் எழுந்தேன். மண் பறந்தது.

மோகன் கண்ணை மூடவில்லை. என் கையையே பார்த்துக்கொண்டு நின்றான். நானும் குனிந்து பார்த்தேன். என் கையிலும் ஒரு பிடி மண் இருந்தது.