நீலக் கரைப் பீங்கான்

பிணத்தைச் சுற்றிப் பதினொரு பேர் தேநீருக்காகக் காத்திருந்தார்கள். வீட்டில் மிஞ்சியிருந்த பீங்கான் கோப்பைகளோ நான்கு. ஓவிய வாத்தியாரின் மனைவி கணவரின் தலைமாட்டில் அழுதுகொண்டிருந்தாலும், ஒரு கண் நாத்தனாரின் துணிப்பை மேலேயே இருந்தது.

காரணம் இருந்தது. கல்யாணத்துக்கு வந்த நீலக் கரைப் பீங்கான் செட்டு, இரண்டு வருடத்துக்கு முன்பு ஒவ்வொன்றாகக் கால் முளைத்துப் போனது. அப்போது அடிக்கடி வந்துபோனவள் நாத்தனார் ஒருத்திதான். ஒருநாள் அவளை வாசலில் மறித்து, "பையைக் கொஞ்சம் திற" என்று கேட்டேவிட்டாள். உள்ளே ஒரு குடையும் மூட்டுவலித் தைலமும். சந்தேகம் தீரவில்லை, அன்றைக்கு எடுக்கவில்லை, அவ்வளவுதான். நாத்தனார் அதற்குப்பின் இன்றுதான் வாசல் மிதிக்கிறாள். வாத்தியார் அன்று முழுவதும் தலை நிமிராமல் பென்சில் சீவிக்கொண்டிருந்தார்.

"சுடுகாட்டுக்குப் போற வழியில நம்ம பள்ளிக்கூடத்துல பத்து நிமிஷம் வண்டிய நிறுத்தணும்மா" என்றார் தலைமையாசிரியர். சட்டைப்பையில் நான்காக மடித்த இரங்கலுரைத் தாள்கள் துருத்திக்கொண்டிருந்தன.

நிறுத்தினார்கள். கல்யாணமான நாள் முதலாய் அவள் அந்தப் பள்ளிக்குள் நுழைந்ததில்லை.

"புழுதிக்காடாய்க் கிடந்த இந்த மைதானம் பூந்தோட்டமாக வேண்டும் என்று அடியேன் கனவு கண்டபோது..." என்று தொடங்கினார் தலைமையாசிரியர். அடியேன் அப்போது கேட்டது கார் நிறுத்தக் கொட்டகை என்பது அங்கிருந்த அத்தனை பேருக்கும் தெரியும். "ஒவ்வொரு குழந்தையும் தன் வீட்டில் உடைந்த பீங்கானைக் கொண்டுவந்து இந்தச் சுவரில் ஒட்டியது!"

"எங்க உடைஞ்சுது?" என்று பக்கத்தில் நின்ற பள்ளி ஆயா முனகினாள். "பாதிப் பிள்ளைங்க வீட்டுல எவர்சில்வரு. உருட்டிவிட்டாலும் உடையாது. அதுங்க மூஞ்சி தொங்குதேன்னு நம்ம ஓவிய சார்தான் முழுசு முழுசா கொண்டாந்து, இங்க வெச்சு உடைச்சு, ஆளுக்கொரு துண்டு குடுப்பாரு."

செடிகளுக்குப் பின்னால் சுவரெங்கும் ஒரு பெரிய பறவை. இறக்கை முழுக்க நீலக் கரை. அலகாக வளைந்திருந்தது ஒரு கோப்பையின் கைப்பிடி. அதில் எந்த இடத்தில் சில்லு பெயர்ந்திருக்கும் என்று அவள் கட்டைவிரலுக்குத் தெரியும்.

திரும்பினாள். நாத்தனார் பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு கேட் ஓரமாகவே நின்றிருந்தாள்.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும் அண்ணி."

"அப்புறம் ஏன்டி வாயைத் திறக்கல?"

"அண்ணன்தான் வேணாம்னுச்சு. நீங்க கத்துனா அது தாங்காதாம்." நாத்தனார் மூக்கை உறிஞ்சினாள். "நான்னா தாங்கிக்குவேனாம்."

தலைமையாசிரியர் மூன்றாம் பக்கத்தைப் புரட்டினார். யாரோ டிரைவருக்குச் சைகை காட்டினார்கள்.

வண்டியில் அவள் சற்று நகர்ந்து இடம்விட்டாள். நாத்தனார் தயங்கி உட்கார்ந்தாள். இரண்டு கையும் பைமேல்.

"அதை இப்படிக் குடு."

நாத்தனார் பையின் வாயை அகல விரித்து நீட்டினாள்.

அவள் அதை வாங்கி, வாயைச் சேர்த்து மூடி, தன் மடியில் வைத்துக்கொண்டாள். வண்டி நிற்கும்வரை கையை எடுக்கவில்லை.