இடப்பக்கத்துச் சொல்

...மழைக்கு ஹெவி, டீக்கு ஸ்ட்ராங், ஹெவி டீ என்று ஒரு இங்கிலீஷ்காரனும் சொல்வதில்லை, ஏன் சொல்வதில்லை என்று கேட்டால் பதிலும் கிடையாது, அப்படித்தான் சொல்கிறார்கள், அவ்வளவுதான். எந்தப் பெயர்ச்சொல்லுக்கு இடப்பக்கம் எந்த அடைமொழி வந்து உட்காரும் என்று பார்த்துப் பார்த்து அகராதியில் ஏற்றியே பதினாறு வருஷம் ஓடிப்போயிற்று, அவளுக்கு இடப்பக்கம் என்ன உட்காரப்போகிறது என்பது பன்னிரண்டு மணிக்குத் தெரிந்துவிடும். இப்போது பத்தே முக்கால். குழுத் தலைவர் பதவிக்கு நேர்காணல், இரண்டாவது தடவை. இந்தத் தடவையாவது வாயத் திற, பல் டாக்டர்கிட்ட மட்டும் திறந்தா போதாது என்று காலையில் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டே சொன்னான் கணவன், சிரிப்பு வரவில்லை. போட்டிக்கு நிற்பவன் 'டை', கோடையிலும் டை கட்டுகிறவன், வந்து இரண்டு வருஷம், வரிகளைப் பிரித்துப் படிக்கவே இவள்தான் கற்றுக்கொடுத்தாள். இருந்தால் என்ன, எடிட்டர் சார் அந்த அறைக்குள் இருப்பார், பத்து மணிக்கு இவள் மேஜையோரம் நின்று, உனக்கு சிபாரிசு நல்லாவே எழுதியிருக்கேம்மா, தைரியமா வா என்றாரே... போன தடவையும் எழுதினார், மேலிடம்தான் ஒத்துக்கவில்லை, நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேம்மா என்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார் பாவம், அன்றைக்கு இவள்தான் அவருக்கு ஆறுதல் சொல்ல வேண்டியிருந்தது.

இன்றைக்கு வொர்க்கர் என்ற சொல். கம்ப்யூட்டரில் தட்டினால், நாளிதழிலும் கதையிலும் ஆபீஸ் கடிதத்திலும் நிஜ மனிதர்கள் நிஜமாக எழுதிய வரிகள் வந்து அடுக்கி நிற்கும், நடுவில் அந்தச் சொல், இடப்பக்கம் அதன் துணை. போன மாதம் இந்த ஆபீசின் பழைய சிபாரிசுக் கடிதங்களையும் பெயர்களை அழித்து, நட்சத்திரக் குறி வைத்து, உள்ளே கொட்டிவிட்டார்கள், சும்மாதானே கிடக்குது, சேர்த்துக்குங்க என்று. ஹார்ட் வொர்க்கர் எக்கச்சக்கம். ஸ்லோ வொர்க்கர் கொஞ்சம். ரிலையபிள் வொர்க்கர் நாற்பத்தோரு வரி, நம்பி விடலாம், கழுத்தைப் பிடித்துத் தள்ளினாலும் போகாத ஜென்மம் என்று அர்த்தம், எருமைக்கும் சொல்லலாம். ஏழாவது வரியில் கை நின்றது. முன்னும் பின்னும் இரண்டு வாக்கியம் விரித்துப் பார்த்தாள். தண்ணீர்க் குழாய் வெடித்த அன்று நட்சத்திரம் யாரும் சொல்லாமலே முப்பத்தெட்டு அட்டைப்பெட்டிகளை மாடிக்குச் சுமந்தார். மிகவும் ரிலையபிள் வொர்க்கர். ஒரு குழுவை நடத்தும் தலைமைக் குணம் அவரிடம் காணப்படவில்லை, இப்போதுள்ள மேஜையே பொருத்தம்.

முப்பத்தெட்டு. அவளும் அப்போது எண்ணினாள், அதற்கப்புறம் ஒரு வாரம் முதுகு நிமிரவில்லை. உலகத்தில் வேறு யார் முப்பத்தெட்டு பெட்டி சுமந்தது... ஆக மேலிடம் இல்லை, கண்ணாடி துடைத்த கைதான். கோபமா, இல்லை, முதலில் வந்தது வெட்கம், பெட்டி தூக்கியதற்கு வெட்கம். ஆள் வந்து நின்று கழுத்தை அறுத்தால் கூடச் சத்தமாவது போடலாம், இது பாராட்டிக்கொண்டே அறுத்தது. இப்போது உள்ளே என்ன எழுதி வைத்திருக்கிறார், இதே ரிலையபிளா... பிரிண்ட் எடு. எடுத்துப்போய் மேஜையில் வை, எல்லார் முன்னாலும் கேள், சார், இது யாரப் பத்தின்னு ஞாபகம் இருக்கா. மூலையில் பிரிண்டர் முனகியது, டை தலையைத் தூக்கி, என்னக்கா, கடைசி நேரப் படிப்பா என்றான், ஆமாப்பா, பாடம் இப்பதான் கைக்கு வந்துச்சு என்றாள், தன் குரல் அவ்வளவு சாதாரணமாக இருந்தது அவளுக்கே ஆச்சரியம்.

தாள் சுடச்சுட வந்தது. ஏழாவது வரி, சரி, அங்கேயேதான் இருக்கிறது, கண் சும்மா கீழே இறங்கியது, எட்டு, ஒன்பது, பதின்மூன்றாவது வரியில்... நாலு மணிக்கு மேல் அறை முழுக்கச் சிரிக்க வைப்பவர். இனிமையான பெண், ரிலையபிள் வொர்க்கர். சொன்ன வேலையைச் சொன்னபடி செய்வார். இது யார் கை, இதை எங்கோ... குருவி. எதிர் மேஜையில் நாலு வருஷம் கீச்சுக் கீச்சென்று பேசிக்கொண்டிருந்த குருவி, இந்த அறையிலேயே கூர்மையான மூளை அவளுக்குத்தான், அச்சுக்குப் போக இருந்த ஐம்பது பக்கம் தப்பு என்று கண்டுபிடித்து எடிட்டரையே நிறுத்தியவள். வேறு ஆபீசில் தலைமைப் பொறுப்புக்குப் போட்டிருக்கேன்க்கா, ஒரு லெட்டர் என்று இவளிடம் வந்து நின்றாள். ஐம்பது பக்கத்தைப் பற்றி இவள் ஒரு வரி எழுதியிருக்கலாம். எழுதவில்லையே. நேரமில்லை, சார் எழுதிய பழைய கடிதம் ஒன்றைப் பார்த்து எழுதினேன், வழக்கமான சொற்கள்தானே என்று அப்போது நினைத்தாள், நிஜமாகவே அதுதானா, இல்லை, தனக்குக் கிடைக்காதது நேற்று வந்தவளுக்கு எதற்கு என்று ஒரு மூலையில்... வேலை கிடைக்காமல் குருவி போன் பண்ணினாள், அக்கா, நீங்க நல்லாத்தானே எழுதினீங்க. ஆமாடி, நல்லாத்தான் எழுதினேன். கண்ணாடி போடும் பழக்கம் இருந்திருந்தால் அன்றைக்கு இவளும் கழற்றித் துடைத்திருப்பாள்.

பெயர் இல்லை, நட்சத்திரம்தான், ஏழாவதை யார் எழுதியது என்று அவர் ஒருவருக்குத் தெரியும், பதின்மூன்றாவதை யார் எழுதியது என்று இவளைத் தவிர இந்த உலகத்தில் ஒருத்தருக்கும் தெரியாது. அப்புறம் என்ன பயம். மேஜை போன் அடித்தது, உள்ள வாங்க மேடம், கொஞ்சம் முன்னாடியே கூப்பிடுறாங்க. எழுந்தாள், புடவையைச் சரிசெய்தாள், நடந்தாள், கதவுக் கைப்பிடியில் கை வைத்தபோதுதான் தாளைப் பார்த்தாள், நறுக்காக, விரல் நகத்தால் அழுத்தி, எட்டாவது வரிக்கு மேலேயே மடித்திருந்தது, பதின்மூன்று உள்பக்கம் போயிருந்தது. எப்போது மடித்தோம், யாருக்காக மடித்தோம் என்று யோசிப்பதற்குள் உள்ளேயிருந்து எடிட்டர் சாரின் குரல், வாம்மா, உட்காரு.