கதவைத் திறந்தால் கை நடுங்குமா

லிட்டில் இந்தியாவில் பழைய வீடியோ கேம் விற்கும் கடையொன்றில் நிவேதிகா வேலை பார்த்தாள். பதினெட்டு வயது ஆனவர்களுக்கு மட்டும் என்று எம்18 சிவப்புச் சீட்டு ஒட்டியிருந்த பெட்டியை யார் எடுத்து வந்தாலும் வயதைப் பார்க்க ஐசி அட்டையைக் கேட்பாள். கேட்டதுமே பள்ளிச் சீருடைகள் கடையை விட்டு நழுவும். ஆனால் மறுநாளும் வந்து அதே பெட்டிகளைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கும். வெட்டும் குத்துமான ஆட்டத்தில் இந்தப் பிள்ளைகளுக்கு அப்படி என்னதான் இருக்கிறது என்பது அவளுக்குப் பிடிபடவேயில்லை.

ஞாயிற்றுக்கிழமை கிளமெண்டி வீட்டில், பதின்மூன்று வயதுத் தங்கை சிவதர்ஷினியும் அப்படியொரு எம்18 ஆட்டத்தைக் கேட்டு நின்றாள்.

"உனக்கா? ஊசி போட்டப்ப கத்தி கிளினிக்கையே கூட்டினவடி நீ!"

"கேம் வேணாம்க்கா. ஒரே ஒரு கதவை மட்டும் திறக்கணும்."

விஷயம் மெல்ல வெளியே வந்தது. பள்ளியில் ரீசஸ் இடைவேளையில் எல்லோருக்கும் அந்தப் பேய் ஆஸ்பத்திரி ஆட்டத்தைப் பற்றித்தான் பேச்சு. தானும் ஆடியதாக இவள் அளந்துவிட்டாள். யூடியூபில் முழுக்கப் பார்த்திருந்ததால் கதை அத்துப்படி; கன்ட்ரோலரைத்தான் தொட்டதில்லை. பிணவறைக் கதவைத் திறக்கும்போது கன்ட்ரோலர் இதயம் மாதிரி துடிக்கும் என்றானாம் வகுப்புத் தோழன் வசீகரன். இல்லை, பூகம்பம் மாதிரி குலுங்கும் என்றாளாம் தோழி வித்யா. சண்டை முற்றி, தீர்ப்புச் சொல்லும்படி இவளைப் பிடித்துக்கொண்டார்கள்.

"நீ என்ன சொன்ன?"

"டாய்லட் போகணும்னு ஓடிட்டேன். நாளைக்குக் கேப்பாங்கக்கா. தப்பாச் சொன்னா பொய்க்காரின்னு கேன்டீன் மேசையை விட்டே துரத்திடுவாங்க."

நிவேதிகாவுக்கு வயது இருபது. அன்று மாலையே கடையிலிருந்து அந்த ஆட்டத்தின் வட்டைத் தன் பெயரிலேயே எடுத்து வந்தாள். கன்ட்ரோலரைத் தங்கையிடம் கொடுக்கவில்லை. "நான்தான் ஆடுவேன். உன் கையை என் கைமேல வச்சுக்கோ."

துப்பாக்கி வெடித்தபோது கன்ட்ரோலர் அதிர்ந்தது. அடிபட்டபோதும் அதிர்ந்தது. ரத்தம் வந்த இடத்திலெல்லாம் தங்கை கண்ணை இறுக மூடிக்கொண்டு, "போயிடுச்சா? போயிடுச்சா?" என்றாள். ஆனால் கையை மட்டும் எடுக்கவில்லை.

பிணவறைக் கதவு வந்தது. நிவேதிகா பொத்தானை அழுத்தினாள். கதவு கிறீச்சிட்டுத் திறந்தது.

கன்ட்ரோலரில் ஓர் அசைவுமில்லை. மறுபடி தொடங்கித் திறந்து பார்த்தார்கள். கல் மாதிரி கிடந்தது.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"அப்போ வசீகரனும் ஆடல... வித்யாவும் ஆடல!" தங்கை சோபாவில் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"நல்லதாப் போச்சு. நாளைக்கு ரெண்டு பேர் மானத்தையும் வாங்கிடு."

சிரிப்பு சட்டென்று நின்றது. சிவதர்ஷினி நகத்தைக் கடித்தபடி யோசித்தாள்.

"வேணாம்க்கா. அப்புறம் ரீசஸ்ல யார்கூடப் பேசுறது லா? முதல்ல இதயம், அப்புறம் பூகம்பம்னு சொல்லிடுறேன்."

சொல்லிவிட்டு அவள் குடிக்க ஒரு கோப்பை மைலோ கலக்கப் போனாள். நிவேதிகா வட்டை வெளியே எடுக்கப் போனவள், கன்ட்ரோலரை எடுத்து, திரையில் திறந்திருந்த பிணவறைக் கதவுக்கு உள்ளே என்னதான் இருக்கிறது என்று மெல்ல எட்டிப் பார்த்தாள்.