கோப்பையின் காது

கோப்பையை நுரைக்குள் முக்கியபோது, கூடத்தில் பேசிக்கொண்டிருந்தவர்களின் குரல்களும் அதோடு சேர்ந்து தண்ணீருக்குள் போய்விட்டதுபோல் இருந்தது அக்காவுக்கு. நேற்றுப் பிற்பகலிலிருந்து அவள் கண்ணை மூடவில்லை. பஸ் ஏறியது, இறங்கியது, கூடத்தின் நடுவில் தம்பி படுத்திருந்ததைப் பார்த்தது எல்லாம் யாரோ சொல்லிக் கேட்ட சங்கதிபோல் எட்டத்தில் நின்றன. கைக்கெட்டும் தூரத்தில் இருந்தவை கோப்பைகள் மட்டும்தான்.

வந்தவர்களுக்குக் காப்பி கொடுத்து மாளவில்லை. காகிதக் கோப்பை வாங்கிவரலாமே என்று யாரோ சொன்னபோது தம்பி மனைவி தலையை நிமிர்த்தினாள். "வேண்டாம். அவர் வீட்ல காகிதத்துலயா குடுக்கிறது?" காலையிலிருந்து அவள் வாயைத் திறந்தது அதற்குத்தான். அக்கா எழுந்து வந்து கழுவும் வேலையை எடுத்துக்கொண்டாள். அவளுக்கு நாலு பேர் முன்னால் அழவராது.

தம்பி பீங்கான் தொழிற்சாலையில் கோப்பைகளுக்கு வடிவம் வரைகிறவன். நேற்று மதியம் வரைபலகைமேல் தலையைச் சாய்த்தவன் பிறகு நிமிரவில்லை. அசந்து தூங்குகிறான் என்று நினைத்து, மேலே எரிந்த விளக்கைக்கூட அணைத்துவிட்டு அடிமேல் அடி வைத்து நடந்தார்களாம்.

கோப்பை விஷயத்தில் அவன் பெரிய தொல்லைக்காரன். ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கக் கூடாது, விளிம்பில் கீறல் விழும். கறை பிடித்தால் நாரைப் போட்டுத் தேய்க்காமல் சோடா உப்பை விரலில் தொட்டுத் தடவ வேண்டும். "உள்ள பளபளன்னு இருந்தா ஆச்சா? காதுக்கு அடியில விரலை விட்டுப் பாரு, அங்கதான் அழுக்கு குடித்தனம் பண்ணும்" என்பான். பிடியை அவன் காது என்றுதான் சொல்வான். யாருக்குக் கொடுத்தாலும் காதை வாங்குகிறவர் பக்கம் திருப்பிவிட்டு, சுடுகிற பக்கத்தைத் தான் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பது அவன் வீட்டுச் சட்டம். சொந்தக்காரர்கள் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள்.

அக்கா கழுவியதெல்லாம் இடது கையால்தான். வலது கை முந்தானைக்குள் இருந்தது. அந்தக் கையின் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மடங்காது. அவளுக்கு எட்டு வயது, தம்பிக்கு ஐந்து. விளையாட்டு மும்முரத்தில் அவன் அறைந்து சாத்திய கதவில் நசுங்கியவை. வீட்டில் யாரும் அவனை அடிக்கவில்லை. அதைப் பற்றிப் பேசவும் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு அவன் அந்தக் கையை ஏறிட்டுப் பார்த்ததே கிடையாது. எதை நீட்டினாலும் அவளுடைய இடது பக்கம் வந்துதான் நீட்டுவான். பார்க்கவே அவனுக்கு அருவருப்பாக இருக்கிறது என்று அவள் எப்போதோ முடிவுகட்டிவிட்டாள். வளர வளர அந்த எண்ணமும் கூடவே வளர்ந்தது. அவள் சேலை கட்டுகிற விதமே அந்தக் கையை மறைப்பதற்குத் தோதாக மாறிப்போனது.

"அக்கா, ஒரு காப்பி கிடைக்குமா?"

சமையலறை வாசலில் ஒல்லியாக ஒருவர் நின்றார். நகக்கண்ணில் வெள்ளை மண். தம்பி வரைவதற்கெல்லாம் அச்சு செய்கிறவர் என்று காலையில் யாரோ காட்டியிருந்தார்கள். அழுது அழுது மூக்கு சிவந்திருந்தது.

அக்கா காப்பியை ஊற்றினாள். ஜன்னல் வெளிச்சத்தில் ஆவி மெதுவாகச் சுருண்டது. அதற்கு அப்பால் அச்சுக்காரர் கரைந்து கரைந்து தெரிந்தார். தூக்கம் சுழற்றியது. தம்பியின் சட்டம் நினைவுக்கு வந்து காதை அவர் பக்கம் திருப்பினாள். சுடுகிற பக்கத்தைப் பிடிக்க ஒரு கை போதவில்லை. நினைவில்லாமலே வலது கையும் வெளியே வந்து கோப்பையைத் தாங்கியது. விறைத்த இரண்டு விரல்களும் நீட்டிக்கொண்டு நின்றன.

அச்சுக்காரர் கோப்பையை வாங்கவில்லை. விரல்களையே பார்த்தார்.

"நீங்கதானா அது?"

"எது?"

"பதினோரு வருஷமா அவர்கூட வேலை பாக்கறேன் அக்கா. புதுசா ஒரு மாதிரிக் கோப்பை சூளையில இருந்து வந்தா, முதல்ல இப்படித்தான் தூக்கிப் பாப்பார்." அவர் தன் வலது கையை உயர்த்தி, ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் விறைப்பாக நீட்டி, மற்ற இரண்டையும் மடக்கிக் காட்டினார். "சூடா தண்ணி ஊத்தி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடப்பார். ஏன் சார் இப்படின்னு கேட்டா, எங்க வீட்ல ஒருத்தங்க இப்படித்தான் பிடிப்பாங்கன்னு சொல்வார். அதுக்கு மேல வாயைத் திறக்க மாட்டார். காது பெரிசா இருக்கு, பெட்டியில அடுக்க முடியலன்னு முதலாளி குதிகுதின்னு குதிச்சாரு. அசைஞ்சு குடுக்கலையே மனுஷன்! ஒரு தடவை காது கோணிப்போச்சு, இன்னொரு தடவை விரல் சுட்டுது. வருஷா வருஷம் அச்சை மாத்திக்கிட்டே இருந்தோம்."

அவர் கோப்பையை வாங்கிக்கொண்டு, ஆறும்வரை அங்கேயே நின்று குடித்துவிட்டு, அதைத் தானே அலசிக் கவிழ்த்துவிட்டுப் போனார்.

வருஷா வருஷம் அவள் வீட்டுக்கு ஒரு பெட்டி வரும். வைக்கோலுக்கு நடுவே இரண்டு கோப்பைகள் இருக்கும். முதல் பெட்டியைத் திறந்து பார்த்தாள், காது அளவுக்கு மீறிப் பெரிதாக இருந்தது. தொழிற்சாலையில் விலைபோகாதது போலிருக்கிறது என்று நினைத்து மூடினாள். அதற்குப் பிறகு வந்தவை கட்டுப் பிரிக்காமலே பரண்மேல் ஏறின. அவள் குடிப்பது டம்ளரில்தான், இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து.

தம்பி மனைவி உள்ளே வந்து அடுப்புக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். முகம் வீங்கியிருந்தது.

"அச்சுக்காரர் சொன்னாரா அண்ணி?"

"ம்."

"எனக்குத் தெரியும். உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு. பெட்டி வந்து சேர்ந்ததும், 'நீ போன் பண்ணு, கப்பு எப்படி இருக்குன்னு கேளு'ன்னு என்னைப் பிடுங்கி எடுப்பாரு. நான் பேசும்போது பக்கத்துலயே நிப்பாரு. நீங்க 'நல்லாயிருக்கு'ன்னு சொன்னீங்கன்னு சொன்னதும்…" அவள் கொஞ்சம் சிரித்தாள். "அன்னிக்குப் பூரா பாட்டுதான். தலைவலியே வந்துரும்."

அக்கா குழாயைத் திறந்துவிட்டாள். கழுவ ஒன்றும் மிச்சமில்லை. தண்ணீர் வெறுமனே விழுந்துகொண்டிருந்தது. அதன் சத்தத்துக்குள்ளிருந்து தம்பி ஏதோ முணுமுணுப்பதுபோல் இருந்தது. உற்றுக் கேட்டபோது தண்ணீர் மட்டும்தான்.

"நேத்துலேர்ந்து நீங்க பச்சைத் தண்ணி குடிக்கல" என்று எழுந்த தம்பி மனைவி, பாலைச் சுடவைத்து, ஒரு கோப்பையில் காப்பி கலந்து நீட்டினாள்.

அக்கா முந்தானையை ஒதுக்கினாள். வலது கையை நீட்டினாள். காதின் மேல்பக்கம் தட்டையாக, கோப்பையைவிட்டுச் சற்றே விலகி நின்றது. மடங்காத விரல்கள் இரண்டும் சுடாமல் அதன்மேல் படுத்துக்கொண்டன. மற்ற இரண்டும் கீழே வளையத்துக்குள் போய் மடங்கின. கோப்பை ஆடவில்லை. ஐம்பது வருஷத்தில் முதல் தடவையாக அவள் வலது கையால் மட்டும் காப்பி குடித்தாள்.

கூடத்துக்கு வந்து தம்பியின் அருகில் நாற்காலியில் உட்கார்ந்தாள், கோப்பையோடு. வந்திருந்தவர்கள் பார்த்தார்கள். சாவு வீட்டில் நடுக்கூடத்தில் காப்பியா என்று ஒருவர் கண்ணில் கேள்வி வந்து போனது. அவள் கையை மறைக்கவில்லை. ஒவ்வொரு வாயாக, அவசரமில்லாமல் குடித்தாள்.

வண்டி வந்து வாசலில் உறுமியது. ஓட்டுநர் எட்டிப் பார்த்தார். "கெளம்பலாங்களா? நேரமாச்சு."

நாலைந்து பேர் எழுந்தார்கள். தம்பி மனைவி கையை உயர்த்தினாள்.

"இருங்க. அண்ணி காப்பி குடிக்கிறாங்க. முடிக்கட்டும்."

எழுந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துவிட்டு உட்கார்ந்தார்கள். ஓட்டுநர் தலையை ஆட்டிக்கொண்டு திரும்பிப் போனார். கொஞ்ச நேரத்தில் வெளியே என்ஜின் சத்தம் நின்றது.

கோப்பையில் இன்னும் பாதிக்கு மேல் இருந்தது.