நர்ஸம்மாவுக்குப் பக்கத்தில்

ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயன் வீடுகளுக்கெல்லாம் ஒரே ஒரு டெலிவிஷன்தான். அது கத்தோலிக்கக் கோயில் உபதேசியார் சவரிமுத்து வீட்டில் இருந்தது. லொறி பேட்டரியில் ஓடும். ஞாயிறு மாலையில் சிங்கள நாடகம் போகும். சனம் முற்றம்வரை உட்காரும். நானும் போவேன். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுவிட்டு, ஸ்டோர் என்கிற தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து காயவைக்கிற மெஷினின் அடுப்புக்கு இரவெல்லாம் விறகு போடுகிறவனுக்கு வேறு போக்கிடம் இல்லை.

நாடகம் ஒரு நர்ஸைப் பற்றியது. கொள்ளைநோய் வந்து எல்லோரும் ஊரைவிட்டு ஓடுகிறார்கள். அவள் மட்டும் ஓடவில்லை. "நான் எதற்காக இங்கே இருக்கிறேன்?" என்று தனியாக நின்று கேட்பாள். பதில் வராது.

எங்கள் பெட்டியில் அவளுக்கு வலப்பக்கம் இன்னொரு உருவம் தெரிந்தது. சாம்பல் நிறம். முகம் கிடையாது. அவள் நடந்தால் நடக்கும், நின்றால் நிற்கும். கூட்டம் வருகிற காட்சிகளில் எல்லாம் கலங்கிப்போய்விடும். அவள் தனியாக வரும்போதுதான் தெளிவாக இருக்கும்.

அருளாயி அத்தைதான் முதலில் சொன்னாள். "பாருங்க, நர்ஸம்மா தனியாப் போகல. கூட ஒருத்தரு போறாரு."

"ஒனக்குக் கண்ணுல பூ விழுந்திருச்சு," என்றாள் பக்கத்துக் காம்பிராவில் குடியிருக்கும் கருப்பம்மா.

"அப்ப ஒனக்குத் தெரியலயாக்கும்?"

கருப்பம்மாவுக்கும் தெரிந்தது. எல்லோருக்கும் தெரிந்தது.

அத்தையின் மகன் யாகப்பன் பதுளை பஜாரில் ஒரு கடையில் வேலை செய்தான். எண்பத்துமூன்று கலவரத்தில் தமிழர் கடைகளை எரித்த அன்று பின்னறையில் இருந்தான். வெளியே வந்ததை யாரும் பார்க்கவில்லை. புதைக்கவும் ஒன்றும் கிடைக்கவில்லை. வருஷம் திரும்பியும் அவன் ஆத்துமத்துக்குப் பூசை வைக்க அத்தை விடவில்லை. உபதேசியார் கேட்கும்போதெல்லாம் ஒரே பதில்தான்: "அவன் தனியாக் கெடந்து எரிஞ்சானான்னு எனக்குத் தெரியணும். பெறகு வைங்க."

நெருப்புச் சூளையில் போட்ட மூன்று பேரோடு நான்காவதாக ஒருவர் உலாவிய வேதாகமக் கதையை அவர் சொல்லிப் பார்த்தார்.

"அவுங்க மூணு பேரும் வெளிய வந்தாங்கல்ல, ஐயா," என்றாள்.



நாடகத்தில் நோய்க்குப் பயந்து ஆஸ்பத்திரிக்குத் தீ வைத்துவிட்டார்கள். நோயாளிகள் உள்ளே இருக்க, நர்ஸ் வாசலை நோக்கி ஓடும்போது அந்த வாரம் முடிந்தது. மறு ஞாயிறுவரை அத்தை தேயிலை மலைக்குப் போனாள், கொழுந்து எடுத்தாள், வந்தாள்.

அந்த ஞாயிறு பார்த்துக் காமில் வந்துவிட்டான். பதுளையில் ரேடியோ திருத்துகிறவன். படம் சரியில்லை என்று உபதேசியார் எப்போதோ சொல்லிவைத்திருந்தார். கூரையில் ஏறி அன்டெனாவைத் திருப்பிவிட்டு இறங்கினான். போன வாரக் கதை ஓடியது; நர்ஸுக்குப் பக்கத்தில் உருவம் இல்லை.

"காமில் நானா, அந்த ஆள என்ன செஞ்சீங்க?" என்றாள் கருப்பம்மா.

"எந்த ஆளு? அது அந்த நர்ஸோட படந்தான், மலையில பட்டுத் திரும்பி ரெண்டாந்தரம் வாரது. இப்ப பாருங்க, கண்ணாடி மாதிரி!"

நாடகம் தொடங்கியது. உபதேசியார் என் காதருகே குனிந்தார். "ஏறி அன்டெனாவப் பழையபடி திருப்பிவிடுறியாடா?" வேதம் வாசிக்கிற மனுஷன். நான் எழுந்தேன்.

"ஒக்காரு," என்றாள் அத்தை, திரும்பாமலே.

நர்ஸ் எரிகிற வாசலில் நின்றாள். படத்தில் ஒரு குறையும் இல்லை. வலப்பக்கம் வெறும் புகை. அவள் உள்ளே போனாள். தனியாகத்தான் போனாள்.

"எங்க அவரு?" என்றாள் அத்தை.

 திரையில் சவர்க்கார விளம்பரம் ஓடியது. அத்தை உட்கார்ந்திருந்த சாக்கை உதறி மடித்தாள்.

"முன்னாலயே உள்ள போயிட்டாரு. இவ வர்றதுக்கு முந்தியே."

வாசல்வரை போய் நின்றாள். "ஃபாதர் வந்தா யாகப்பன் பூசைக்குச் சொல்லிருங்க."

நம்பிச் சொன்னாளா, அலுத்துச் சொன்னாளா, தெரியாது. நர்ஸ் வெளியே வந்தாளா என்று பார்க்க அவள் நிற்கவில்லை.

எனக்கு வேதத்தில் நம்பிக்கை கிடையாது. காமில் சொன்னதுதான் சரி. ஆனாலும் ஸ்டோரில் அடுப்புக் கதவைத் திறந்ததும் விறகைப் போடுவதில்லை. முதலில் நெருப்புக்குள் பார்க்கிறேன். ஆள் இல்லை என்று தெரிந்த பிறகுதான் போடுகிறேன்.